நாலாவது சத்தம்

இன்னும் திறக்க மாட்டேங்குது சனியன். காலையில பத்து மணிக்கு மண்ணெண்ணெயில போட்டேன், இப்ப மணி ரெண்டரை, இவ்வளவு நேரத்துல கொண்டக்கடலைகூட ஊறியிருக்கும், இந்தக் கத்தி வாயத் திறக்கல. அலகு முழுசும் பிடிக்குள்ள துருவோட துருவா ஒட்டிக்கிட்டு இருக்கு. நகம் வைக்கிற பள்ளத்துல கட்டைவிரல் நகத்தை விட்டு இழுத்தா நகம்தான் பிய்யுது. அவசரப்படாத சுலோசனா, இடுக்கி போட்டு இழுத்தீன்னா முனை உடையும், போன மாசம் அந்தப் பித்தளைப் பிடி கத்தியை அப்படித்தானே உடைச்ச. ஆமா உடைச்சேன், உடைச்சுட்டு இதே நாற்காலியில உக்காந்து அழுதேன், யாரோ ஒருத்தன் கத்தி, யாரு எவன்னே தெரியாது, அதுக்குப் போயி ஒரு அழுகை. அறுபத்திமூணு வயசுல எனக்கு இது தேவையா. பழைய டூத் பிரஷ், தையல் மெஷின் எண்ணெய், உப்புத்தாள், கிழிஞ்ச வேட்டித் துணி, எல்லாத்தையும் நேத்துப் பேப்பர் மேல பரப்பி வச்சுக்கிட்டு, அவரு உக்காந்த மாதிரியே, அவரு உக்காந்த எடத்துலயே, ஜன்னல் பக்கமா முதுகக் காட்டிக்கிட்டு. முப்பத்தஞ்சு வருஷம் அந்த மனுஷனை இந்தக் கோலத்துல பாத்துப் பாத்து எரிஞ்சு விழுந்தவ நான். ‘பொண்டாட்டி தலைக்கு எண்ணெய் வைக்க ஆளில்ல, துருப்பிடிச்ச கத்திக்கு எண்ணெய் வைக்கிறாரு பாரு’ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துவேன். இப்ப நான் வைக்கிறேன். இன்னும் ஒரு சொட்டு விட்டுப் பாப்போம்.

டம்ளர் வைக்கிற சத்தம். சமையக்கட்டுல யமுனா டம்ளரை மேடையில வச்சா. வச்சா என்ன, போட்டா. அது எனக்குத்தான். எம் மருமக, ஏழு மாசம் முழுகாம இருக்கா, வேலைக்கு லீவு, திங்கக்கிழமையில இருந்து என்கூடப் பேசல. நானும் பேசல. பையன் ஓசூர்ல வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் வருவான், அதுவரைக்கும் இந்த வீட்டுல ரெண்டே பொம்பளைங்க, ரெண்டு பேரு வாயிலயும் கொழுக்கட்டை. விஷயம் இதுதான். ‘எந்தக் கத்தி என்னென்ன பண்ணிட்டு வந்துதோ அத்தை, எனக்கு பயமா இருக்கு, குழந்தை பொறக்கற வரைக்குமாச்சும் இதெல்லாம் வீட்டுக்குள்ள வேணாமே’ன்னா. மெதுவாத்தான் சொன்னா. எனக்குத்தான் சுருக்குனு ஏறிடுச்சு. ‘இது உம் மாமனாரு கட்டுன வீடு’ன்னுட்டேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சோ, வந்துடுச்சு. அவ மூஞ்சி அப்படியே சுருங்கிப்போச்சு. அப்புறம் சாப்பாட்டை எடுத்து மூடி வைக்கிறா, நான் சாப்பிடறேன், தட்டைக் கழுவி வைக்கிறேன், அவ மாத்திரை போட்டாளான்னு அட்டையை எடுத்துப் பாக்கறேன், அவ பாக்காதப்போ. அடுத்த வாரம் வளைகாப்பு, முடிஞ்சதும் அவ அம்மா வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க. பேசாமலே போயிடுவாளோ. போகட்டுமே. நான் ஏன் முதல்ல பேசணும், வயசுல பெரியவ நான். என் பாடத்தை எனக்கே திருப்பிப் படிக்கிறா இவ, நல்ல மாணவிதான்.

வீம்பு எனக்குப் பொறக்கும்போதே வந்தது. பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு எங்கம்மா எனக்காகவே சொல்லுவா. அவரு அப்படி இல்ல. டெலிபோன் ஆபீஸ்ல லைன்மேன் வேலை, நாள் முழுக்கக் கம்பத்து மேல, கேபிளு, வயரு, அதைச் சீவ ஒரு கத்தி, அப்படிப் பிடிச்ச பைத்தியம். ரிட்டயர் ஆனதும் வெள்ளிக்கிழமை விடிஞ்சா பல்லாவரம் சந்தை. மாட்டுக்கொம்புப் பிடி, பித்தளைப் பிடி, ரெண்டு அலகு, மூணு அலகு, வெள்ளைக்காரன் காலத்துப் பேனாக்கத்தி, யாரும் சீந்தாததை எல்லாம் பொறுக்கிட்டு வந்து, ஊறவச்சு, தேச்சு, சாணை பிடிச்சு, கடைசியில காதுகிட்ட வச்சு மடக்கிப் பாப்பாரு. டக். ‘கேளு சுலோ, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குரலு’ம்பாரு. எனக்கென்ன குரலு, எனக்கு எல்லாம் ஒரே டக்குதான், தலைவலி. ஆனா சண்டை வந்து பேச்சு நின்னுச்சுன்னா அந்த டக்குதான் பேச்சு. ரெண்டு டக்குன்னா, திறந்து மடக்குனா, காபி வேணும். நான் போயி டம்ளரை ணங்குன்னு வச்சுட்டு வருவேன். மூணு டக்குன்னா, திறந்து, மடக்கி, மறுபடி திறந்து அப்படியே வச்சுட்டாருன்னா, அது சமாதானம். நான் தோத்துட்டேன், வா. நான் போயி அந்தத் திறந்த கத்தியை எடுத்து மடக்கி வைக்கணும். அது நாலாவது. நாலாவது சத்தம் கேட்டாத்தான் சண்டை முடிஞ்சுதுன்னு அர்த்தம். யாரு போட்ட சட்டமோ, முதல் வருஷத்துல எப்படியோ ஆரம்பிச்சுது, அப்படியே நின்னுபோச்சு. யமுனா கல்யாணம் ஆகி வந்த புதுசுல வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா. ‘அத்தை, மாமா வெள்ளைக்கொடி காட்டுறாரு, போங்க அத்தை’ம்பா. நான் உடனே போவேனா, போனா என் மரியாதை என்னாகறது. கொஞ்சம் காயட்டும்னு அஞ்சு நிமிஷம் விடுவேன். பத்து நிமிஷம்கூட விடுவேன். போயி, எந்தக் கத்தின்னுகூடப் பாக்காம, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டே மடக்குவேன். அவரு சிரிப்பாரு. எப்பவும் அவருதான் முதல்ல. முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் முதல்ல போயிருக்கேனா. இல்ல.

துணியில துடைச்சா காவியா வருது. துருவா, வாழைக்கறையா, வேற எதுவுமா. கத்தியோட வயித்துக்குள்ள, அலகு படுத்துக்கற அந்தக் குறுகலான பள்ளத்துல, எல்லாமே சேர்ந்திருக்கும், அதைக் குச்சியில துணி சுத்தி விட்டுத் தோண்டணும். ஒண்ணுல பாக்குத் தூள் வந்துச்சு. ஒண்ணுல பட்டத்து நூலு. ஒண்ணுல என்னன்னே தெரியாத கருப்பு, காஞ்சு, பொருக்கா, மோந்து பாத்துட்டு வாசல்ல தூக்கிப் போட்டுட்டேன், அப்புறம் ராத்திரி பூரா அது யாருதோன்னு. யமுனா சொன்னது தப்பில்ல, எனக்கும்தான் பயம், எனக்கு பயம்னு அவகிட்ட சொல்ல மாட்டேன், அவ்வளவுதான். முதல்ல ஒண்ணும் தெரியாம மாட்டுக்கொம்புப் பிடியை ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறப்போட்டு, அது ஊதி வெடிச்சுப்போச்சு. இன்னொண்ணுல பளபளன்னு வரணும்னு உப்புத்தாளைப் போட்டுத் தேய் தேய்னு தேச்சு, அலகுல யாரோ ஆணியால கீறி வச்சிருந்த பேரு போயிடுச்சு. பாதிதான் படிச்சிருந்தேன், ‘ப’ன்னு ஆரம்பிக்கிற பேரு. அந்த ஆளை நான்தான் அழிச்சேன். இப்ப பேரு ஏதாச்சும் இருந்தா அந்த எடத்தைத் தொடறதில்ல. வெயிலு நாற்காலிக் காலுகிட்ட வந்துடுச்சு. மணி என்ன, ரெண்டு ஐம்பது. இன்னும் இருபது நிமிஷம். எதுக்கு இருபது நிமிஷம், ஒண்ணுமில்ல, அந்தச் சத்தம் இன்னிக்கு வராது, நேத்து வந்துச்சேன்னா, நேத்து ஃபேன் நின்னுருந்துச்சு, கரண்டு இல்ல, அமைதியா இருந்துச்சு, அதான் கேட்டுச்சு.

கண்ணு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போறேன்னாரு. அதுதான் சண்டை, வேற பெரிய ராஜ்ஜிய விவகாரம் இல்ல. போன வருஷம் ஆவணி, ஒரு வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க, நான் புடவை கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறேன், சந்தைக்குப் போன மனுஷன் வரல. ஒத்தையா ஆட்டோ பிடிச்சுப் போயி, கண்ணுல மருந்து ஊத்தி, ஒண்ணும் தெரியாம தடவித் தடவி வந்தேன். வந்தா இவரு உக்காந்து ஒரு கத்தியத் துடைச்சுக்கிட்டு, ‘அடடா, மறந்தே போச்சு சுலோ’ங்கறாரு. ‘இனிமே அந்தக் கத்தியோடவே குடும்பம் நடத்துங்க’ன்னேன். அதுதான் நான் அவருகிட்டப் பேசுன கடைசிப் பேச்சு. அஞ்சு நாள். புதன்கிழமை மத்தியானம், யமுனா வேலைக்குப் போயிட்டா, பையன் ஓசூர்ல, நான் சமையக்கட்டுல கீழ உக்காந்து ஒரு முறம் பூண்டை வச்சுக்கிட்டு, ஊறுகாய்க்கு, உரிச்சுக்கிட்டு இருக்கேன். டக். நிமிந்தேன். டக். காபியா, கேக்கட்டும் கேக்கட்டும். டக். மூணு. அப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. அதைச் சொல்லணும், யாருகிட்ட சொல்றது, மனசுக்குள்ளயாச்சும் சொல்லிக்கிறேன், எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, ஜெயிச்சுட்டேன், அஞ்சாவது நாள் இறங்கி வந்துட்டாரு பாருன்னு. மணி பாத்தேன், மூணு பத்து. இந்தத் தடவை லேசுல போகக்கூடாது, ஒத்தையா ஆட்டோவுல போனவடி நீ, முழு முறத்தையும் உரிச்சுட்டுத்தான் எழுந்திரிக்கணும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு ஒவ்வொரு பல்லா, தோலு நகத்துல ஒட்டுது, ஊதி ஊதி. நாலு மணிக்குக் காபி போட்டேன். சர்க்கரை ஒரு கரண்டி கூடவே போட்டேன், அவருக்கு சுகரு, இருந்தாலும் சமாதானத்துக்குன்னு. எடுத்துக்கிட்டு வந்தா தலை இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு. மடியில கத்தி திறந்தே கிடக்கு. தூங்கறாருன்னு நினைச்சேன். தோளைத் தொட்டேன்.

மூணு மணி வாக்குல போயிருக்கும்மா, நெஞ்சுவலி வந்திருக்கும், கூப்பிடலையான்னு கேட்டாரு டாக்டரு. நான் தூங்கிட்டேன்னு சொன்னேன். கண்ணுக்கு மருந்து போட்டதுல அசந்துட்டேன்னு சொன்னேன். பையன் கேட்டான், அவனுக்கும் அதே. யமுனா என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, ‘நீங்க என்ன அத்தை பண்ணுவீங்க, தூங்கிட்டீங்க’ன்னு அழுதா, அவளுக்கும் அதே. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சேன், சோறும் மறைச்சுக்கிச்சு. கத்தியை யாரோ மடக்கிப் பெட்டியில போட்டுட்டாங்க, எந்தக் கத்தின்னு நான் பாக்கல. அதுக்கப்புறம் மத்தியானம் ஆனா டக். டக். டக். மூணோட நின்னுடும். நாலாவது வரும் வரும்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன், வராது. வீட்டுல கத்திங்க இருக்கறதாலதான்னு நினைச்சு, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் பெட்டியோட அப்படியே அரிசிச் சாக்குல கொட்டிப் பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுட்டேன். பையன் கத்தினான், கத்தட்டும். சத்தம் போகல. போகாததோட, இப்ப தேடிப் போயி நிறுத்தறதுக்குக் கத்தியும் இல்ல. எந்தக் கத்தியில அவரு கூப்பிட்டாரோ அதை நான் மடக்கணும், மடக்கினாத்தான் நிக்கும், இது எனக்கு எப்படித் தோணுச்சோ, பைத்தியக்காரத்தனம்தான், தோணிடுச்சு. கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம். நான் வெறுத்த அதே சந்தைக்கு, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை, ஒவ்வொரு கத்தியா எடுத்துக் காதுகிட்ட வச்சு டக்கு டக்குன்னு, சந்தையில எனக்குப் பேரே சத்தம் கேக்கற அம்மா.

மஸ்தான் பாய் கடையில இது நாலு மாசமாக் கிடந்துச்சு. பழைய இரும்புக்காரங்ககிட்ட மொத்தமா வாங்கறவரு. போன தடவையெல்லாம் எடுத்துக் காதுகிட்ட வச்சேன், திறக்கவே இல்ல, ஊமைன்னு வச்சுட்டு வந்துட்டேன். மழையில கிடந்து அழுக்கும் துருவும் ஏறினா எந்தக் கத்திதான் பேசும், இதுகூடத் தோணல பாரு, அழுக்கை எடுக்காம குரலைத் தேடினவ நான். அவரு இருந்தா தலையில அடிச்சுக்கிட்டிருப்பாரு. இன்னிக்குக் காலையில பாயே சொன்னாரு, ‘இத நீயே எடுத்துக்கோம்மா, யாரும் தொட மாட்டேங்கறாங்க. கத்திய சும்மா குடுத்தா பகை, ஒரு ரூவா போட்டுட்டு எடு’ன்னாரு. கையில குடுக்கல, கத்தியக் கைக்குக் கை குடுக்க மாட்டாரு, சாக்கு மேல வச்சாரு, நான் எடுத்துக்கிட்டேன். ‘பாய், இது எங்கூட்டுக்காரரோடதா இருக்குமா’ன்னு கேட்டேன். ‘எனக்கெப்படிம்மா தெரியும், எல்லாம் யாரோ ஒருத்தரோடதுதான்’னாரு.

அசையுது. லேசா. இரு இரு, துணியப் போட்டுப் பிடி, வழுக்குது. சமையக்கட்டுல என்ன சத்தத்தையே காணோம். தேங்கா துருவிட்டு இருந்தா, நின்னுடுச்சு. காலு வீங்கியிருக்கு அவளுக்கு, நேத்தே பாத்தேன், கொலுசு இறுக்குது, கழட்டுன்னு சொல்லணும், சொல்லல. தரை ஈரமா இருக்குமோ. வழுக்கி விழுந்தா. விழுந்து கூப்பிட்டா. என்னைத்தான் கூப்பிடணும், வேற யாரு இருக்கா இந்த நேரத்துல. கூப்பிடுவாளா, அஞ்சு நாள் பேசாதவளை எப்படிக் கூப்பிடுவா, டம்ளரைத் தட்டுவாளா. தட்டினா நான் என்ன நினைப்பேன், திமிரப் பாருன்னு நினைப்பேன், கொஞ்சம் காயட்டும்னு நினைப்பேன். அய்யோ. நான் நினைப்பேன். அதே அஞ்சு நாள், எண்ணிப் பாரு, திங்கள் செவ்வாய் புதன் வியாழன் வெள்ளி, அதே அஞ்சு நாள்தான். துருவற சத்தம் மறுபடி வந்துச்சு. அப்பாடா. போயி ஒரு வார்த்தை கேட்டா என்ன, ‘உக்காந்துக்கோம்மா நான் துருவறேன்’னு ஒரு வார்த்தை, ஆறடி தூரம், எழுந்திரிச்சா போதும். எழுந்திரிக்க மாட்டேங்குதே இந்த ஒடம்பு. அன்னிக்கும் ஆறடிதான்.

டக்.

திறந்துக்கிச்சு. நானா திறந்தேன், அதுவா திறந்துச்சா, ஒரு சொட்டு காவித் தண்ணி தெறிச்சுப் பேப்பர்ல விழுந்துச்சு. அந்தச் சத்தமா இது. தெரியல, திடீர்னு வந்துச்சு, கவனிக்கல. பிடியைத் திருப்பிக் கையில வாகா வச்சதும் கட்டைவிரல் ஒரு எடத்துல போயி உக்காந்துச்சு. பிடியோரத்துல ஒரு சின்ன உடைசல், தேஞ்சு தேஞ்சு மழுமழுன்னு, கட்டைவிரல் அளவு. கண்ணுக்கு இந்தக் கத்தி யாரோ, விரலுக்குத் தெரியுது. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு மடக்கும்போதெல்லாம் இந்தப் பள்ளத்துலதான் விரலு உக்காரும். சமாதானத்துக்குன்னு எப்பவும் இதே கத்தியத்தான் திறந்து வச்சிருக்காரு, நான்தான் பாக்கல. இதுதான். இவருதான். மடக்கு சுலோசனா, இதுக்குத்தானே பதினாலு மாசம் அலைஞ்ச. மடக்கினேன். டக். ஆமா, அதே குரலு, கொஞ்சம் கம்மலா, சளி பிடிச்ச தொண்டை மாதிரி. போதும், முடிஞ்சுது, கீழ வை. வைக்கல. கை மறுபடி திறந்துச்சு, நான் சொல்லாமலே, டக், மூணு, திறந்தபடி மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன், அவரு நாற்காலியில, அவரு மாதிரி, முதுகு ஜன்னல் பக்கம். எதிர்ல கடிகாரம், மூணு பத்து. ஓ, இங்கிருந்து பாத்தா சமையக்கட்டு வாசல் தெரியாது. அவருக்கு என்னைத் தெரிஞ்சிருக்காது. முறத்தோட சத்தம் மட்டும் கேட்டிருக்கும். பூண்டுத் தோலை நான் ஊதற சத்தம் கேட்டிருக்கும். நான் இருக்கேன், முழிச்சுக்கிட்டு இருக்கேன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சே காத்துக்கிட்டு இருந்திருக்காரு.

‘அத்தை!’

துருவல் கையோட ஓடி வரா. அந்த வயித்த வச்சுக்கிட்டு, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு, வேகமா. மூணாவது டக்கு இன்னும் காதுல அடங்கல, அதுக்குள்ள வந்து நிக்கறா.

‘ஓடாத, ஓடாதம்மா.’

‘என்ன அத்தை, என்ன பண்ணுது? நெஞ்சு வலிக்குதா? மூணு தட்டு தட்டினீங்களே, பயந்தே போயிட்டேன். மாமா மாதிரியே...’ மூச்சு வாங்குது அவளுக்கு. என் நெத்தியில கைய வச்சுப் பாக்கறா, தேங்கா வாசனை. ‘சொல்லுங்க அத்தை. ஓசூருக்கு ஃபோன் போடவா? தண்ணி எடுத்துட்டு வரட்டுமா?’

இல்லன்னு தலைய மட்டும் ஆட்டினேன். அவ மெல்ல, நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு, காலை ஒருபக்கமா மடக்கித் தரையில உக்காந்தா. ‘திறந்தே வச்சிருக்கீங்களே, கையக் கிழிச்சுக்கப் போறீங்க’ன்னு மடியில இருந்து கத்தியை எடுத்தா. பயப்படறவ, எடுத்தா. அலகைப் புடவைத் தலைப்பால பிடிச்சு மடக்கினா.

டக்.

மடக்கினதைக் கைக்குக் கை குடுக்காம பேப்பர் மேல வச்சா. வச்சுட்டு என் முழங்கால் மேல கையப் போட்டுக்கிட்டா.

‘அன்னிக்கு நான் தூங்கல யமுனா’ன்னேன். ‘பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தேன்.’